சிறந்த படத்துக்கு நான் போட்ட ரப்பர் கொட்டை

படம் பார்த்துக் கருத்துச் சொல்வது உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் நமக்குப் பகையாகியிருப்பார். பணம் கொடுத்து மொக்கைப் படம் பார்த்து நொந்துபோன உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பலகை விமர்சனம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். இலங்கையில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த புளத்கொகுபிட்டிய கடைவீதியில் என் தேநீர்க்கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. பார்த்த படத்தைப் பற்றி அதில் நாலு வரி எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்ப் பட ரசிகர் வட்டத்தில் என்னையும் விமர்சகனாகச் சேர்த்தார்கள். பெருமையாக இருந்தது. தினமும் பால் போடாத பிளேன்டீ குடிக்க வரும் பஸ் டிரைவர் அதைக் கெடுத்தார்.

"அண்ணே, நீங்க நல்லா இல்லன்னு எழுதுற படத்தத்தான் நான் நம்பிப் பாக்குறது."

சாம்பார் வாளி

மணியம் எங்கள் லயத்துக்காரன், தோட்டத்து வரிசை வீட்டில் பக்கத்து அறை, கல்யாணம் காட்சிக்கு வீடியோ எடுப்பவன். என் மகள் சடங்கையும் அவன்தான் எடுத்தான். வந்த வீடியோவில் மாமன்மார் இருக்கிறார்கள், தோட்டத்துத் துரை இருக்கிறார், பந்தலுக்கு வந்த நாய்கூட இருக்கிறது. பெற்ற தகப்பன் நான் ஒரே ஒரு இடத்தில், அதுவும் முதுகு மட்டும். போய்க் கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பதினோரு வருடம் மனதில் வைத்திருந்தேன்.

"நீங்க சாம்பார் வாளியோட ஓடிக்கிட்டே இருந்தீங்கண்ணே, எந்தக் கமராவுக்கு நீங்க நின்னீங்க?"

கதவுக்கு வெளியே

போன வருடம் மணியம் சொந்தமாக ஒரு படம் எடுத்தான். நாற்பது நிமிடம். எங்கள் வட்டம் வருடக் கடைசியில் சிறந்த படம் ஒன்றைத் தெரிவு செய்யும். வென்ற படத்தைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் போட்டுக்காட்ட ஏற்பாடு இருந்தது. அங்கே நாலு பேர் பார்த்தால் அடுத்த படத்துக்கு வழி பிறக்கும் என்று மணியம் நம்பியிருந்தான். தோட்டத்து மண்டபத்தில் அதைத் திரையிட்ட அன்று நான் உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். படம் முடிந்து என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன கதை என்று கேட்டேன்.

"உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சிரட்டை

எங்கள் தேர்வில் சீட்டெல்லாம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்று, ஆளுக்கொரு ரப்பர் கொட்டை. நாங்கள் ஐந்து பேர். எண்ணி முடித்ததும், தோற்ற படத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எடுத்தவர் மனம் நோகாமல் போவதற்கு அந்த வழக்கம். என் கொட்டையைச் சென்னையிலிருந்து வந்த ஒரு சண்டைப் படத்துக்குப் போட்டேன். அதற்கு மூன்று, மணியத்துக்கு இரண்டு.

என் முறை வந்தது. மணியம் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அண்ணே, என் படத்துல பாட்டே இல்லண்ணே."

தலைவர் கேட்டது

வட்டத்தின் தலைவர் ஆறுமுகம், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி கொட்டை போடலாம், மற்றவர்கள் சம்மதிப்பார்கள் என்றார். சரி என்ற ஒரு சொல் போதும். எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்ட கோபத்தில், போட்டது போட்டதுதான் என்றேன்.

"ஹரி ஹரி, சரிப்பா, ஒன் இஷ்டம். ஆனா தோத்தது அவன் இல்லப்பா."

ஏழு மாதம் கழித்து

மனைவியின் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒழுகுகிற லயத்து அறையில் ஒருத்தி விடிய விடியச் சட்டியை மாற்றி மாற்றி வைக்கிறாள். அவ்வளவுதான். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அன்றைக்கே மணியம் வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டு வேலைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கமராவை வரக்காப்பொலையில் ஒரு ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டானாம். உன் படம் ரொம்ப நல்ல படம் என்றேன். மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இத அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரா இருந்து சொல்லியிருக்கலாமேண்ணே."

இந்த வருடத் தேர்வில் எங்களுக்குள் சண்டை வர வாய்ப்பே இல்லை, எங்கள் பக்கத்தில் படம் எடுக்கிற ஒரே ஆளையும் நான் கப்பலேற்றிவிட்டேன்.