காசு திரும்பும் சீட்டு

குலசேகரத்தைப் போலப் பயந்த சூதாடியை லண்டன் ஈஸ்ட் ஹாமில் தேடினாலும் கிடைக்காது. மழைக்கோட்டும் போட்டு, குடையும் பிடித்து, அதற்குமேல் ஸ்டேஷன் வாசலில் மழை விடும்வரை நிற்கிற மனிதர். ஜெர்மனியிலிருந்து இங்கே வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக சனிக்கிழமை தவறாமல் பந்தயக் கடைக்குப் போகிறார். கட்டுவது எப்போதும் ஒரே வகை உதைபந்தாட்டப் பந்தயம்தான். அவர் சொன்ன அணி வென்றால் லாபம், தோற்றால் போட்ட காசு போச்சு, ஆட்டம் சமனில் முடிந்தால் போட்டது அப்படியே கைக்குத் திரும்பும். லாபம் குறைவு என்றாலும் தப்பியோட ஒரு பின்வாசல் இருக்கிறதே, அவருக்கு அது போதும்.

அவருடைய மனைவி கமலாம்பிகைக்குச் சனிக்கிழமை என்றாலே பற்றிக்கொண்டு வரும். கோவிலுக்கும் தனியே, கலியாண வீட்டுக்கும் தனியே. போன மாதம் பொறுமை முடிந்து, கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்குப் பெட்டியைக் கட்டி முன் ஹோலில் வைத்துவிட்டாள். வெலவெலத்துப்போன குலசேகரம் சாமித் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"இனி நான் கைகாட்டுற பக்கம் ஒருக்காத் தோத்தாலும் அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டன். வெண்டால் நீ அதைப்பற்றி வாய் திறக்கப்படாது."

"பிள்ளையாராணை?"

"பிள்ளையாராணை."

இருவரும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

பந்தயக் கடையில் வேலை செய்யும் சுப்ரியா பந்தயச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் போட்ட இருபது பவுணைத் திருப்பி நீட்டினாள். "சமன், அங்கிள். ரீஃபண்ட்."

"அப்ப நான் வெண்டனோ, தோத்தனோ?"

"ரெண்டுமில்லை. நீங்கள் பந்தயமே கட்டேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

அப்படியென்றால் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் என்னாவது? வீட்டில் மூன்று நாள் வழக்கு நடந்தது. "வெல்லேல்லைத்தானே, அப்ப தோல்விதான்" என்றாள் அவள். "தோக்கேல்லைத்தானே, அப்ப வெற்றிதான்" என்றார் அவர். பெட்டி ஹோலிலேயே நின்றது. கடைசியில் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் அவருக்கு வெற்றி, சிவப்புப் பூ வந்தால் தோல்வி. பூவைத் தாளில் மடிக்கும் வேலையைக் குலசேகரம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐயர் இரண்டு பொட்டலத்தையும் பிள்ளையார் காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துக் கமலாம்பிகையிடம் கொடுத்தார். அவள் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"மற்றதைப் பிரியுங்கோ" என்றார் ஐயர்.

மற்றதிலும் ஒன்றுமில்லை. வெள்ளையும் சிவப்பும் குலசேகரத்தின் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தன. ஐயருக்கு என்ன மந்திரம் சொல்வதென்றே தெரியவில்லை. கமலாம்பிகைக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"பிள்ளையாரிட்டையும் காசு திரும்பிற சீட்டோ? சரி. சமனெண்டால் போட்டதைத் திருப்பித் தரவேணும். அதுதானே உங்கட சட்டம்?"

"ஓம்..."

"நான் பத்தொன்பது வருசச் சனிக்கிழமையைப் போட்டிருக்கிறன். தாங்கோ."

குலசேகரத்துக்கு வெட்கமாக இருந்தது. சட்டம் அவருடையது, வருகிற சனிக்கிழமையிலிருந்து தருவதாகத் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு, அவர் ஹை ஸ்ட்ரீட் சேலைக்கடை ஒன்றில் மடியில் மனைவியின் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். கமலாம்பிகை இரண்டு சேலையை விரித்துக் காட்டினாள். ஒன்று நீலம், மற்றது அரக்கு.

"எது எனக்கு வடிவு?"

"ரெண்டும் வடிவுதான்."

"சமன் இல்லை. ஒண்டைக் காட்டுங்கோ."

சேலை மடிக்கிற பெண்ணும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பின்வாசல் இல்லாமல் ஒரு பக்கம் கையை நீட்டினார்.

"நீலம்."

கமலாம்பிகை அரக்குச் சேலையை எடுத்து, பையில் போடும்படி அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"நீங்கள் கைகாட்டின பக்கம் தோத்திட்டுது" என்றாள். "கற்பூரம் அடிச்சது நினைவிருக்கோ?"

குலசேகரம் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு "ஓம்" என்றார். அன்று பின்னேரம் ஹோலில் நின்ற பெட்டியை அவரே தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் வைத்தார்.