நெற்றியில் பிஸ்கட்

கண்ணுக்கு நேரே பார்க்கப் பழக்கிவிட்டால் என் மகளுக்கு ஆட்டிசம் போய்விடும் என்று நம்பியிருந்தேன். சளி மாதிரி, இரண்டு வாரத்தில். சிரிக்காதீர்கள், நான் ஆட்டோ ஓட்டுகிற ஹட்டன் ஸ்டாண்டில் இதைவிடக் கேவலமான வைத்தியமெல்லாம் இலவசமாகக் கிடைத்தது. ஒருவன் கழுதைப்பால் கொடுக்கச் சொன்னான். இந்த மலையில் என்னைத் தவிர கழுதை ஏது? பெற்ற பிள்ளைகளையே பெயர் மாற்றிக் கூப்பிடுகிற இன்னொருவன், "போனைப் பிடுங்கு மச்சான், தன்னால பேசும்" என்றான். அந்த அறிவாளிக் கூட்டத்துக்குத் தலைவன் நான்தான்.

முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது பள்ளிக்கூட அதிபர், "டீச்சர் மூஞ்சியக்கூட பார்க்க மாட்டேங்குது, எப்படி எடுக்கிறது?" என்று கையை விரித்துவிட்டார். ஒரு பார்வையில் பிள்ளையை எடைபோடும் அந்தத் திறமைசாலியைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போட்டிருக்கலாம். டிக்கோயாவில் உளவள ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அவர் பேசினால் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்றாள் மனைவி. எனக்கோ உதறல். அந்தம்மாவும் பிள்ளையைப் பெயிலாக்கிவிட்டால்?

அதனால்தான் பயிற்சி. கிரீம் பிஸ்கட்டைப் புருவ மத்தியில் பிடித்துக்கொண்டு, "அப்பாவைப் பாரு, அப்பாவைப் பாரு" என்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தம்பி, வீட்டுல விபூதி தீந்துபோச்சா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

மகள் கற்றுக்கொண்டாள், பிஸ்கட்டைப் பார்க்க.

ஆலோசகரின் அறைக்குள் போனதும் அவர் நெற்றியை உற்றுப் பார்த்தாள். அங்கே தின்ன ஒன்றுமில்லை. நேரே மேசைக்கடியில் புகுந்துகொண்டாள். நான் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். "மிஸ், இதை நெத்தியில வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க மிஸ், பார்க்கும்."

அவர் சிரிக்கவில்லை. தரையில் மகளுக்குப் பக்கத்தில், அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்: "அண்ணா, வந்ததிலேருந்து நீங்க ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கலையே, ஏன்?"

நான் பேசியதெல்லாம் மேசைக்காலோடுதான். தோட்டத்துத் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் தலைகுனிந்தே நின்ற பரம்பரை. ஆபீஸ் நாற்காலியைக் கண்டாலே கழுத்து தானாக மடங்கிவிடும்.

"மரியாதைதான் மிஸ்."

"உங்களுக்குன்னா மரியாதை, பிள்ளைக்குன்னா வியாதியா? மூஞ்சியப் பார்த்துக்கிட்டே காது குடுக்கிறது உங்க மகளுக்குக் கஷ்டம். இப்ப நாம பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பிஸ்கட்டைச் சும்மா தின்னக் குடுங்க."

"அப்ப எப்பதான் மிஸ் சரியாகும்?"

"பிள்ளைகிட்ட சரியாக்க ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்தைத்தான் கொஞ்சம் சரியாக்கணும். நான் வாறேன்."

வந்தார். முதல் தடவை அதிபர் முடியாது என்றார். இரண்டாம் தடவை, இடைவேளை வரைக்கும் மட்டும் வரட்டும் என்றார். மகள் இப்போது முதலாம் ஆண்டில் கதவோரம் உட்காருகிறாள். மணியடிக்கும் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நிற்க டீச்சர் விடுகிறார். மகள் இன்னும் பேசவில்லை.