பெத்தணன் வீட்டு மயிலு

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் டாக்டர் ஹெப்சிபாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஆடுமாடு வைத்திருப்பவர்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பதினெட்டு வருடமாகக் கால்நடை மருந்தகத்தில் இருக்கிறார். அப்பேர்ப்பட்டவரையே ஒரு குதிரை மூன்று தடவை தோற்கடித்தது.

மயிலு என்று பெயர். பட்டாசு ஆலைக்கு வேன் ஓட்டும் பெத்தணன் வளர்ப்பது. பந்தயமெல்லாம் ஓடி முடித்த பன்னிரண்டு வயதுப் பெட்டைக் குதிரை. அது ஒரு குட்டி போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று மனிதருக்குத் தீராத ஆசை. இணைசேர்க்க மல்லாங்கிணற்றில் இருக்கும் பொலிகுதிரையிடம் மூன்று முறை கொண்டுபோனார். ஒரு தடவையும் சினை நிற்கவில்லை. காரணம் கருப்பையில் சீழ். ஹெப்சிபா அதில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமிக்கேற்ற மருந்தை ஏற்றிக் குணமாக்குவார். அடுத்த முறை பொலிக்குப் போய் வந்தால் மறுபடியும் சீழ்.

"இந்த ஒரு தடவதாம்மா. இதுவும் நிக்கலேன்னா தரகர்கிட்டப் பிடிச்சுக் குடுத்திரணும்னு வீட்டுல சொல்லிட்டாக." சொல்லும்போதே பெத்தணனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

வேறொருவராயிருந்தால் வயதான குதிரை என்று கைகழுவியிருப்பார். ஹெப்சிபாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான்காம் முறை மயிலு புறப்படும் நாளன்று விடிந்ததும் பெத்தணன் வீட்டுக்கே போய்விட்டார்.

அங்கே பெத்தணன் தொட்டித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வைத்திருந்தார். கையில் ஒரு ரப்பர் குழாய். அதைக் குதிரையின் பிறப்புறுப்புக்குள் செலுத்தப் போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க! என்ன செய்யப் போறீக?"

"உள்ள கழுவி விடத்தாம்மா. ஒவ்வொரு தடவையும் செய்றதுதான். கல்யாணப் பொண்ணாட்டம் சுத்தமாப் போக வேண்டாமா?"

ஹெப்சிபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபம் மூக்கு நுனிவரை வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? மூன்று தடவை மருந்து கொடுத்தவர், கூட்டிப்போகுமுன் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டாரா?

"தொட்டித் தண்ணியிலதான் கிருமி உள்ள போகுது, அண்ணாச்சி. கேக்காம விட்டது என் தப்பு."

"அப்ப நான்தான் கெடுத்தேனா?" பெத்தணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹெப்சிபா சுத்தமான தண்ணீரால் வெளிப்பக்கத்தை மட்டும் கழுவித் துடைத்து, வால்முடியைத் துணியால் சுற்றிக் கட்டினார். விடுப்புச் சொல்லிவிட்டு மல்லாங்கிணறுவரை குதிரையை ஏற்றிய வண்டியின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். மறுநாளும் வந்து, பொலிக்குப் பின் உள்ளே தேங்கியது வெளியேற, கிருமி நீக்கிய உப்புநீரால் கருப்பையைத் தானே கழுவிவிட்டார்.

பதினாறாம் நாள் ஸ்கேன் திரையில் கோலிக்குண்டு அளவில் கறுப்பாக ஒரு வட்டம். சினை நின்றுவிட்டது.

ஹெப்சிபா சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தார். பெத்தணன் பத்தடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தொட்டித் தண்ணீர் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் மயிலுவைத் தொடவே இல்லையாம். தீவனம் வைப்பதுகூட மனைவிதானாம்.

"தொடலாமாம்மா?" என்றார்.

ஹெப்சிபா ஒதுங்கி இடம் விட்டார்.

"வாங்க அண்ணாச்சி, கழுத்தக் கட்டிக்கிடுங்க. அதுல ஒரு கிருமியும் போகாது."