சீல் வைத்த அரசாணிக்காய்

கமலாம்பாளின் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை திருப்பூரில் எந்தத் துணியிலும் இருந்ததில்லை. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். விளக்குக்குக் கீழே பனியனை விரிப்பாள். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ தெரிந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக எறிவாள். ஒருமுறை அவள் ஒட்டிய ஒரே ஒரு ஸ்டிக்கருக்காகத் தூத்துக்குடியில் புறப்பட்ட கப்பல் பாதிக் கடலிலிருந்து திரும்பி வந்ததாம். கப்பல் திரும்பியதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் தங்கை கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையை நிறுத்தி, "அக்குள்ல தையல் உட்டிருக்குதுங்க, சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாளே, அதற்கு மண்டபமே சாட்சி.

அப்படிப்பட்டவள் ஒருநாள் கம்பெனி வேனை விட்டு இறங்கி, இனி இதில் கால் வைப்பதில்லை என்று வந்துவிட்டாள். பொங்கலூர்ப் பக்கம் கணவன் லிங்கசாமியின் இரண்டு ஏக்கரில் மல்பெரி நட்டார்கள். பட்டுப்புழு வளர்க்கத் தனிக் கொட்டகை, அந்தப் பக்கத்துப் பேச்சில் புழு ஊடு, கட்டினார்கள். பட்டுப்புழு வளர்ப்பில் ஒரு சௌகரியம்: புழு பொய் சொல்லாது. தழை நன்றாயிருந்தால் தின்னும், இல்லாவிட்டால் தின்னாது. கமலாம்பாளுக்கு அது பிடித்துப்போனது.

2009-இல் வந்தது வினை. மல்பெரிக் கொழுந்தெல்லாம் கொண்டை போட்டுச் சுருண்டன. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாய், மாவை உருட்டி வைத்ததுபோல் மாவுப்பூச்சி. மருந்தடிக்கலாம் என்றால், அந்தத் தழையைத் தின்ற புழு அன்றைக்கே சாகும். அடுத்த தொகுதிப் புழுவுக்கு குஞ்சுப் புழு வளர்த்து விற்கும் இளம்புழு மையத்தில் பேர் கொடுக்க ஒரு மாசம்தான் இருந்தது. அதற்குள் தழை தேறாவிட்டால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் மறுபடியும் வேன். அந்த வேனோ தினமும் காலையில் அவர்கள் வேலியோரம் வந்ததும், வேண்டுமென்றே ஒரு ஆரன் கூடுதலாக அடித்துவிட்டுப் போகும்.

இந்த நேரத்தில்தான் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் டேனியல், பல்லடத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். கூட வந்தது மெஹ்ஜபின், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்.

"பயன்பாட்டு உயிரியல் சங்கத்துல இருந்து வர்றோங்க," என்றார் டேனியல். "நான் செயலாளர்."

"எந்தக் கட்சிங்க சார்?"

கட்சி இல்லை என்று விளக்கினார். கல்லூரி வாத்தியார்கள், ஆய்வுக்கூடத்துக்காரர்கள், மீன் பண்ணைக்காரர் ஒருவர், ரத்தப் பரிசோதனை செய்யும் டாக்டர் ஒருவர் என்று நாற்பது பேர் சேர்ந்த சங்கம். உயிரினங்களைப் பற்றிப் படித்த படிப்பு வயலுக்கும் வீட்டுக்கும் உதவ வேண்டும் என்பது நோக்கம். மாதம் இரண்டாவது சனிக்கிழமை கூடி, தாங்கள் செய்து பார்த்ததை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் குற்றம் கண்டுபிடிப்பார்கள்.

குற்றம் கண்டுபிடிப்பார்கள் என்றதும் கமலாம்பாள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மெஹ்ஜபின் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே கறுப்பு வண்டுகள். உளுந்தளவு உடம்பு, ஆரஞ்சுத் தலை. "இது மாவுப்பூச்சியத் தின்னுங்கக்கா. பூர்வீகம் ஆஸ்திரேலியா."

"ஏங்கண்ணு, நாம அங்க சரக்கு அனுப்பறோம். அவங்க நமக்குப் பூச்சி அனுப்பறாங்களா? அந்த ஊர்ல ரிஜெக்ட் ஆனதா இது?"

வண்டை விட்டுவிட்டுப் போனால் போதும் என்றார்கள். மருந்து மட்டும் அடிக்கக் கூடாதாம், காசும் வேண்டாமாம். காசு வேண்டாம் என்றதில்தான் கமலாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. போதாக்குறைக்கு டேனியல் தோளில் தொங்கிய துணிப்பையில் ஒரு பனியன் கம்பெனியின் பெயர். லிங்கசாமியைக் கிணற்றோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, பையப் பாத்தீங்களா? கம்பெனிக்கெல்லாம் ஆள் கெடைக்க மாட்டீங்குது. நம்ம தழை செத்தா நாம எங்க போவோம்? நேரா வேன்ல ஏறுவோம். அதுக்குத்தான் பூச்சியோட வந்திருக்காங்க."

"ஏம்புள்ள, அந்தப் பை நம்மூட்லயும் ரெண்டு கெடக்குது."

"அதுவும் அதுக்குத்தான் குடுத்திருப்பாங்க."

ஆனால் வேறு வழியும் இல்லை. ஆகவே ஒரு நிபந்தனை போட்டாள். கம்பெனியில் ஆர்டர் வந்தால், சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட பனியன் ஒன்றைப் பையில் போட்டு, கையெழுத்து வைத்து சீல் பண்ணிவிடுவார்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தச் சாம்பிளைப் பிரித்து ஒப்பிடுவார்கள். "எனக்கும் ஒரு சீல்டு சாம்பிள் வேணுங்க சார்."

டேனியல் சிரிக்கவில்லை; அது அவருடைய நல்ல காலம். வண்டுக்குத் தீனியாகக் கொண்டுவந்திருந்த, மாவுப்பூச்சி அப்பிய சின்ன அரசாணிக்காய் ஒன்றை (மற்ற ஊர்க்காரர்களுக்குப் பரங்கிக்காய்), பழைய பிஸ்கட் ஜாடியில் வைத்தார்கள். கமலாம்பாள் எண்ண எண்ண ஆறு வண்டுகளை உள்ளே விட்டார்கள். வாயைப் பனியன் துணியால் கட்டி, முடிச்சின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, செயலாளர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். எறும்பு ஏறாமலிருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி ஜாடியை அதில் நிறுத்திக் கமலாம்பாள் புழு ஊட்டு அலமாரியில் வைத்தாள். மற்ற வண்டுகளை மல்பெரிச் செடிகளில் விட்டுவிட்டு வந்தவர்கள் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் கமலாம்பாள் கொழுந்தைப் பிரித்தவள் அலறினாள். மாவுப்பூச்சிகளின் நடுவே இன்னொரு மாவுப்பூச்சி. அதே வெள்ளை, அதே மாவு, பஞ்சு பஞ்சாய்த் தொங்கும் நூல். ஆனால் மற்றதைவிட நாலு மடங்கு பெரிசு! அடுத்த செடியிலும் இரண்டு.

"சொன்னேனுங்களா? சின்னது பத்தாதுன்னு இப்ப எக்ஸ்ட்ரா லார்ஜ் உட்டுட்டுப் போயிருக்காங்க!"

அன்றிலிருந்து எட்டு நாள் காலையும் மாலையும் வரிசை வரிசையாய்ப் போய்ப் பெரிய பூச்சியைத் தேடித் தேடி விரலால் நசுக்கினாள். செக்கிங் கண் அல்லவா? ஒன்று தப்பவில்லை. சின்னதை விட்டுவிட்டாள், அதை எண்ணி மாளாது. விரல் நுனி மஞ்சளாகிப் போயிற்று. சோறு பிசையும்போதுகூட உருண்டையாக எதுவும் கையில் பட்டால் நசுக்கினாள் என்று லிங்கசாமி பிற்பாடு சொல்வதுண்டு.

அந்த எட்டாம் நாள் சட்டென்று ஜாடி நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பழைய ஜாடி, கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக். ஆனாலும் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது ஒரு பெரிய வெள்ளை. சீல் உடையவில்லை. அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. ஜாடியைப் பையில் போட்டு மூடிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அவளே போனாள். கல்லூரியில் ஒரு வகுப்பறை. இருபது பேர் இருந்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை. மீன் பண்ணைக்காரர் நீரில் வளரும் பாசியைப் பற்றி வாசித்து முடித்ததும், கமலாம்பாள் எழுந்து நேரே மேசைக்குப் போய் ஜாடியை வைத்தாள்.

"இந்தச் சங்கம் எங்க தோட்டத்துல மாவுப்பூச்சிய உட்டுட்டு வந்திருக்குது. சாட்சி இதுங்க. ஸ்டிக்கர் யாருது, கையெழுத்து யாருது, நல்லாப் பாத்துக்கங்க."

டேனியல் பார்த்தார். "என்னுதுதாங்க. பிரிக்கவே இல்லை."

"கறுப்பு வண்டு ஆறுதான் உள்ள போச்சு. இப்ப இவ்வளவு பெரிய வெள்ளைப் பூச்சி எங்கிருந்துங்க வந்துச்சு? அந்த வண்டோட குட்டிதானுங்களே இது?"

"ஆமாங்க," என்றார் டேனியல்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்துச் சொல்ல வைத்திருந்த நாலு வசவும் வீணாயின.

"நீங்களே பிரிங்கக்கா," என்றாள் மெஹ்ஜபின். குரல் ஒருமாதிரி இருந்தது.

கமலாம்பாள் முடிச்சை அறுத்து அரசாணிக்காயை வெளியே எடுத்தாள். ஏழெட்டுப் பெரிய வெள்ளைகள் அதன்மேல் விறுவிறுவென்று ஓடின. அவள் காயைச் சுற்றிப் பார்த்தாள். குப்புறக் கவிழ்த்துப் பார்த்தாள். காம்புப் பள்ளத்தில் நகத்தால் கீறிப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்ததுபோல் மாவுப்பூச்சி அப்பியிருந்த காய், இப்போது காம்போரம் ஒரு திட்டு தவிர வெறும் பச்சைத் தோலாக இருந்தது. குறையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இத்தனை நாளும் இருந்தது தெரிந்ததே ஒழிய இல்லாமல் போனது தெரியவில்லை.

அந்தத் திட்டிலும் ஒரு பெரியது ஏறி, ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வியது.

"மாவுப்பூச்சி உக்காந்தா உக்காந்த எடத்துலயே கெடக்குமுங்க," என்றாள் கமலாம்பாள் மெதுவாக. "இது ஓடுது."

பிறகு டேனியல் கேட்டார்: "தோட்டத்துல எத்தனை நசுக்குனீங்க?"

"எண்ணலீங்க. அளந்தா ஒரு படி வரும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மெஹ்ஜபின் திரும்பி முறைத்தாள். "தப்பு என்னுதுங்க சார். வண்டோட குட்டி பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும்னு அக்காகிட்ட நான் சொல்லலை. எங்களுக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும்னு நெனைச்சுட்டேன்."

டேனியல் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார். தோல்வியையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது சங்கத்து விதியாம். கமலாம்பாள் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, வரிக்கு வரி படித்த பிறகே விட்டாள். 'ஒரு படி' என்று எழுதாமல் 'பெரும் எண்ணிக்கையில்' என்று எழுதியிருந்ததில் அவளுக்குத் திருப்தி இல்லை.

தழை தேறாததால் மையத்தில் அந்த மாதப் பேர் கொடுக்க முடியவில்லை. அடுத்த தொகுதி நாற்பது நாள் கழித்து. திங்கட்கிழமை வேன் ஆரன் அடித்தபோது கமலாம்பாள் டிபன் பாக்ஸோடு வேலியோரம் நின்றிருந்தாள். "என்னக்கா, இனிமே கால் வைக்க மாட்டேன்னீங்க?" என்றான் டிரைவர். "கால் வெக்கலடா, ஒரு காலத்தான் வெச்சிருக்கேன். இன்னொண்ணு தோட்டத்துல இருக்குது," என்று சொல்லி ஏறினாள்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தாள். ஜாடியில் இருந்தவற்றையும், மெஹ்ஜபின் புதிதாகக் கொண்டுவந்தவற்றையும் செடிகளில் விட்டு, ஒவ்வொரு செடியின் தண்டிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். லிங்கசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வரப்பில் நடக்க வேண்டும் என்று உத்தரவு.

குட்டிகளை விட்டதிலிருந்து முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கொண்டை போட்டிருந்த கொழுந்துகளுக்குக் கீழே புது இலை விரிந்திருந்தது. அவள் ஒரு இலையைப் பறித்து விளக்குக்குக் கீழே கொண்டுபோய் முன்பின் திருப்பிப் பார்த்தாள். வேறொன்றைப் பறித்தாள். ஸ்டிக்கர் ஒட்ட இடம் கிடைக்கவில்லை. மறுநாள் வேன் இரண்டு ஆரன் கூடுதலாக அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவள் மையத்தில் பேர் கொடுக்கப் போயிருந்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தேநீரை முகர்ந்து பார்த்துக் குடித்துவிட்டு, கமலாம்பாள் கை தூக்கினாள்.

"ஏனுங்க சார், மாவுப்பூச்சியெல்லாம் தின்னு முடிச்ச பொறவு, இந்த வண்டு என்னத்தைத் திங்கும்? பக்கத்துலயே எங்க புழு ஊடு இருக்குதுங்க. எனக்கு இன்னொரு சீல்டு சாம்பிள் வேணும்."