விட்பியில் போட்ட ஊசி

எங்கள் ஆட்கள் நல்ல காரியம் எதையும் முடியுமுன் வெளியில் சொல்லமாட்டார்கள். வீடு வாங்கினால் திறப்பு கைக்கு வரும்வரை சொந்தச் சகோதரத்துக்கும் தெரியாது. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தால், மண்டபம் பிடித்துக் கார்ட் அடிக்கும்வரை "ஒண்டும் சரிவருதில்லை, பாப்பம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். கண்ணூறு பட்டுவிடுமாம். வருத்தத்தையும் பயத்தையும் மட்டும் ஊர் முழுக்கத் தாராளமாகப் பங்கிடுவார்கள். ரொறன்ரோவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. முந்தி இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தடுப்பூசி வந்த பிறகு அருவருப்புத்தான் வந்தது.

கொரோனா காலத்தில் மாதா கோயிலைப் பூட்டிவிட்டார்கள். அதனால் சொந்தக்காரர் எல்லாரும் பின்னேரங்களில் தொலைபேசியில், ஒரு கொன்பிரன்ஸ் லைனில் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். ஸ்காபரோ, மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்று அவரவர் தங்கள் குசினியில் இருந்தபடி. செபம் முடிந்தாலும் ஒருவரும் லைனை வைக்கமாட்டார்கள். கடைசி ஆமென் சொன்ன வாய் மூடுமுன்பே தடுப்பூசி ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

ஆராய்ச்சிக்குத் தலைவர் எங்கள் அத்தான். என் பெரியம்மாவின் மகளைக் கட்டியவர். செபத்தை நடத்துகிறவரும் அவர்தான். நல்ல கணீரென்ற குரல், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். மார்க்கத்தில் ஒரு மருந்துக் கொம்பனியில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அங்கே அவர் பெட்டிகளை மூடிப் பசை ரேப் ஒட்டினார். அதில் குறைவு ஒன்றுமில்லை. நானும் பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்தவள்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் கோதுமையைப் பற்றி வகுப்பு எடுத்ததில்லை.

"உள்ளுக்கை என்ன நடக்கிறதெண்டு எனக்குத் தெரியும்," என்பார் அத்தான். "ஒரு மருந்து வெளியில வர எத்தினை வருசம் செல்லும் தெரியுமே? உது அவசரத்தில காச்சின கஞ்சி. எங்களை வைச்சுத்தான் சோதிச்சுப் பாக்கிறாங்கள்."

"மெய்தான் அண்ணை," என்று ஸ்ரௌவ்வில் மாமி ஒத்து ஊதுவா. வட்ஸ்அப்பில் பார்த்ததாக ஒருவர், ஊசி போட்ட இடத்தில் தேக்கரண்டி ஒட்டிக்கொள்ளும் என்பார். போட்டால் பிள்ளை பிறக்காதாம் என்று இன்னொருவர் கவலைப்படுவார். அந்த லைனில் இருந்த பெண்களில் ஆக இளையவளுக்கே பேரப்பிள்ளை இருந்தது. இனி யார் பெறப்போகிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் உன்னும். செபம் முடிந்த கையோடு சண்டை வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

கேள்வி கேட்கிறவர்களில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இரத்தம் உறைகிறதாமே, காய்ச்சல் வருமாமே என்று என் குடும்ப டொக்டரிடம் போனில் கேட்டேன். தெரிந்ததைத் தெரியும் என்றா. தெரியாததை இன்னும் தெரியாது என்றா. எனக்கு அந்தளவு காணும். கேள்வி என்றால் பதில் சொல்லக்கூடிய ஆளிடம் கேட்கவேண்டும். இவர்கள் ஒருவரையொருவர் கேட்டு, ஒருவருக்கொருவர் பதிலும் சொல்லி, பயத்தில் ஒரு இன்பம் கண்டுகொண்டிருந்தார்கள்.

இவர்கள் எப்படியும் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் அந்த லைனில் என் அக்காவும் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வருகிறவள். வீட்டில் அடைந்து கிடக்கவும் அவளுக்கு வழியில்லை. கொரோனா தொற்றினால் அவள் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். அங்கேயே, அவள் படுத்திருக்கும் கட்டிலுக்கே, ஊசியோடு தாதி வந்தாள். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"என்ரை சிறுநீரகத்துக்கு உது ஒத்துவருமோ அத்தான்?" என்று லைனில் ஒருநாள் கேட்டாள். எத்தனையோ பேர் எத்தனையோ விசர்க்கதை கதைத்த இடத்தில் அந்த ஒரு கேள்விதான் உருப்படியான கேள்வி. அதை அவளுடைய டொக்டரிடம் கேள் என்று சொல்லிவிட்டு அத்தான் வாயை மூடியிருக்கலாம்.

"நல்ல ஆக்களே பயப்பிடினம், நீர் வருத்தக்காரி," என்றார். "கொஞ்சம் பொறும். மாதாவிட்டை விடும்." அக்கா பொறுத்தாள்.

வசந்தம் பிறந்து, என் வயதுக்காரருக்கும் ஊசி திறந்துவிட்டார்கள். ஸ்காபரோவில் இடம் கிடைக்கவில்லை. மகள் கம்ப்யூட்டரில் தேடித் தேடி, கடைசியில் விட்பியில் ஒன்றைப் பிடித்தாள். அவ்வளவு தூரம் அவளே காரில் கொண்டுபோனாள். ஒரு ஐஸ் விளையாட்டு அரங்கை ஊசி போடும் இடமாக மாற்றியிருந்தார்கள். போட்ட பிறகு மயக்கம் வருகிறதா என்று பார்க்கக் கதிரைகளைத் தூரம் தூரமாகப் போட்டு இருத்தினார்கள். நான் போய் இருந்த வரிசையின் அந்தத்தில் ஒரு பெண் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பினாள். மாஸ்க் போட்டிருந்தால் என்ன, பெரியம்மாவின் மகளைப் பின்கழுத்தை வைத்தே எனக்குத் தெரியும். பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அத்தான்.

எழும்பிக் கிட்டப் போனேன். "அத்தான், நீங்களோ?"

"நான் சும்மா. இவவுக்குத் துணையா வந்தனான்." சேர்ட் கையை இன்னும் இறக்கவில்லை. தோளுக்குக் கீழே குட்டி பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

"அப்ப கையில என்ன?"

"மெதுவாக் கதையும். வேறை தமிழாக்கள் ஆரும் நிக்கினமோ?"

மார்க்கத்தில் அவருடைய வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஊசி போட்டார்கள். அங்கே போனால் தமிழர் காண்பார்கள் என்று பெற்றோலை எரித்து விட்பிக்கு வந்திருக்கிறார். விட்பியில் கிடைத்தது அதே ஊசிதான்.

"நேற்றும் லைனில வேண்டாம் எண்டு சொன்னீங்கள்," என்றேன்.

"அது பொதுவாச் சொல்லுறது. போடப்போறன் எண்டு வெளியில விட்டா எல்லாற்றை கண்ணும் எங்களிலைதான். ஏதும் ஒண்டு நடந்தாச் சனம் சிரிக்கும். நல்லபடியா முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

"அக்கா போடேல்லை. நீங்கள் சொன்னதாலதான் போடேல்லை."

"அவவுக்கு டொக்டர்மார் இருக்கினம்தானே," என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய நேரம் முடிந்திருந்தது, இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

காருக்குள் ஏறியதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் நம்பவில்லை.

"உனக்கு அவரிலை எப்பவும் ஒரு கடுப்பு," என்றாள். "எல்லாரும் மாஸ்க்கோடை நிக்கேக்கை ஆரையோ பாத்திட்டு வந்து அவர் எண்டுறாய். செபம் சொல்லுற வாயால பொய் சொல்லமாட்டார்."

"நான் அவரோடை கதைச்சனான் அக்கா."

"சரி, அவர் தன்ரை வாயால சொல்லட்டும். நானும் போடுறன்."

எனக்கு வேறென்ன வேண்டும். அன்று பின்னேரம் செபமாலையை நான் ஒழுங்காகச் சொல்லவில்லை, மனம் முழுக்க ஆமெனிலேயே இருந்தது. முடிந்ததும் அத்தான் வழமைபோலத் தொண்டையைச் செருமினார். எங்கேயோ ஒரு நாட்டில் ஊசி போட்டவர் ஒருவர் விழுந்துவிட்டாராம். நான் மியூட்டை எடுத்தேன்.

"அத்தான், விட்பியில போட்டது கை நோகுதோ?"

"என்ன பிள்ளை கதைக்கிறீர்," என்றார்.

"அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறா. போட்டனான் எண்டு அவவுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் சொல்லவில்லை. பெரியம்மாவின் மகளுக்குத்தான் ரோசம் வந்தது. "ஓம், போட்டனாங்கள். அதிலை என்ன களவோ? எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறாய்? ஸ்ரௌவ்வில் மாமி போடேல்லையோ? கேளன்."

"என்னை ஏன் இழுக்கிறாய்?" என்றா மாமி. "நான் மாட்டன் எண்டும் மகன்தான் வில்லங்கத்துக்குக் கொண்டுபோனவன். பங்குனியிலயே போட்டாச்சு. அப்ப உங்கட தம்பியாரும் போட்டவர்தானே."

அத்தானின் தம்பியார்தான் அந்தத் தேக்கரண்டிக்காரர். அவர் பார்மசியில் போட்டிருந்தார். எந்தக் கொம்பனி ஊசி என்று கேட்டுத் தெரிந்து, பிடித்தது வரும்வரை காத்திருந்து போட்டாராம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு. பிறகு ஒவ்வொருவராக வெளியில் வந்தார்கள். பிள்ளை பிறக்காது என்று கவலைப்பட்டவவும் போட்டாச்சு. மற்றவர்கள் போடாமல் பயந்து கிடக்கிறார்கள், தான் மட்டும் சத்தமில்லாமல் தப்பிவிட்டேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் ஊசியைத் திட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் போனைச் சுவரில் எறியவேண்டும் போல இருந்தது.

அந்த இரைச்சல் அடங்கிய ஒரு இடத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"அப்ப நான் மட்டும்தானோ போடாதது?"

யாருடைய குசினியிலோ தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான், "சரி, நாளைக்குச் செபமாலையில ரெண்டாவது மறைபொருள் ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

பிறகு அக்கா எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை, ஏசவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை போடச் சொல்லுறன். நீ சொன்னது சரிதான்," என்றாள். கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது, கொத்தமல்லி அவித்துக் குடித்தேன் என்றாள்.

காலையில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசலிலேயே வேறாக்கிக் கொண்டுபோய் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஊசி போடக் கையை நீட்ட இருந்தவளுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். எங்கே தொற்றியது, எப்போது தொற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊசி போட்டிருந்தால் கட்டாயம் தப்பியிருப்பாள் என்று எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை. தப்ப ஒரு வழி இருந்திருக்கும் என்றார்கள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகமுடியாமல் அவள் அங்கேயே செத்துப்போனாள்.

அடக்கத்துக்கு ஒரு சிலரைத்தான் விட்டார்கள். மற்றவர்கள் போனில் பார்த்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசையும் போனில்தான். அன்று பின்னேரம் லைனில் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபமாலை. நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். அக்காவுக்காகப் போனேன். அத்தான் நடத்தினார். குரல் அதே கணீரென்ற குரல், அக்காவின் பெயரைச் சொல்லும்போது அளவாகத் தழுதழுத்தது.

ஆமென் முடிந்தது. ஒருவரும் வைக்கவில்லை.

"ஊசி போட்டிருந்தாத் தப்பியிருப்பா," என்றார் அத்தான். "என்ன செய்யிறது. சொன்னாக் கேட்டாத்தானே."

"ஓம் அண்ணை," என்றா ஸ்ரௌவ்வில் மாமி. "அவ சின்னனிலயே பிடிவாதம்."

நான் மியூட்டை எடுத்தேன். கத்தவில்லை, கத்துகிற அளவுக்கு அவர்களை மதிக்கவில்லை.

"அத்தான்," என்றேன், "இந்த லைனில நீங்கள் சொன்னதைக் கேட்டது எங்கட அக்கா ஒராள்தான்."