ருக்குமணியக்கா ஒட்டிய சிவப்பு அம்பு

அன்று காலை அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டிய ருக்குமணியக்கா இன்னும் வரவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்று, "டவுன் பஸ் உங்க கார விட வேகமுங்க அம்மிணி" என்று என்னைச் சீண்டுகிறவர் அவர். ஒரு நாளாவது நான் அவரைச் சீண்டலாம் என்று காத்திருந்தபோது அவர் மகள் கவிதா போனில் அழைத்தாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். காப்பி வைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். டேப்பைச் சுருட்டக்கூடத் தோன்றாமல் கீழே இறங்கினேன்.

மூங்கில் தரை போடும் தொழிலில் இருக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் போட்ட தரையில் தினமும் நடக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மீதிப் பாதி என்னுடைய தப்பு. அதை அக்கா யாரிடமும் சொல்லாமல் போய்விட்டதால் நானே சொல்கிறேன்.

பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்தவர் அவர். கம்பெனி அந்தப் பிரிவைத் தூரமாக மாற்றியதும், என் மூங்கில் தரைக் கடையில் சைட் பார்க்க ஆள் வேண்டும் என்று வைத்திருந்த போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தரை பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாது என்றார். பிறகு, பார்வைக்கு வைத்திருந்த பலகையின் மேல் உள்ளங்கையை ஒரு முறை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். நான் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்த பிறகுதான் அங்கே மயிரிழை அளவு மேடு இருப்பது தெரிந்தது. அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன். நான் எடுத்த நல்ல முடிவுகளை விரல் விட்டு எண்ணினால் அதுதான் முதல் விரல்.

ஒரு முறை, எங்களுக்குப் பலகை போடுகிற ஒடிசாக்காரர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பாதியில் நின்ற வேலையைப் பார்த்து நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கையில், அக்கா ரப்பர் சுத்தியலை எடுத்து, "நான் போட்டுப் பாக்கறனுங்க" என்றார். ஒடிசாக்காரர் செய்வதை அக்கா இத்தனை நாள் சும்மாவா பார்த்துக்கொண்டிருந்தார்? பலகைக்குப் பலகை பூட்டி, கட்டை வைத்துத் தட்டி, சாயங்காலத்துக்குள் ஒரு அறையை முடித்துவிட்டார். மறுநாள் அந்த வீட்டு காண்ட்ராக்டர் வந்து, பொம்பளை போட்டது எத்தனை நாளைக்கு என்று இளித்தார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "செருப்பக் கழட்டிட்டு, கண்ண மூடிட்டு நடங்க. ஜாயிண்ட்டு எங்க இருக்குதுன்னு காலால சொல்லுங்க போதும்" என்றார். மனிதர் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தொழில் படித்தவர்கள் புத்தகத்திலிருந்து சொல்வதை அவர் பனியனிலிருந்து சொல்வார். மூங்கில் பலகைப் பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரித்துவைத்து மூன்று நாள் தொடமாட்டார். வீட்டுக்காரர்கள் பறப்பார்கள். "துணி ரோலப் பிரிச்சு ஒரு நாள் ஆற உடாம வெட்டினா, முதல் தொவைக்கே பனியன் சுருங்குதல்லங்க. இதுவும் இந்த ஊட்டுக் காத்தக் குடிச்சுக்கட்டுங்க" என்பார். சுவரோரம் அரை அங்குல இடைவெளி விடுவதைப் பார்த்து யாராவது, பலகை பத்தவில்லையா என்று கேட்டால், உடம்பை ஒட்டித் தைத்த பனியன் எத்தனை நாளைக்குக் கிழியாமல் இருக்கும் என்று திருப்பிக் கேட்பார். மழைக்காலத்தில் பலகை விரிவதற்குத்தான் அந்த இடைவெளி என்று வீட்டுக்காரருக்கு உடனே விளங்கிவிடும்.

ஒப்படைக்கிற அன்றைக்குத்தான் இன்னும் வேடிக்கை. பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் பிழிந்து, வீட்டுக்காரம்மாவை மட்டுமல்ல, வீட்டுக்காரரையும் பிழிந்து காட்டச் சொல்வார். பெரிய ஏற்றுமதியாளர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிழிந்திருக்கிறார்கள். "புழிஞ்ச துணியில இருந்து ஒரு சொட்டு உழுந்தாலும் அது தொடைக்கறது இல்லீங்க, கழுவறது" என்பது அவர் வாக்கு. வாளித் தண்ணீர் ஆகாது, பினாயில் ஆகாது, வாசலில் மிதியடி இல்லாமல் மண்ணோடு உள்ளே வரக் கூடாது. நாற்காலிக் கால்கள் தரையைக் கீறாமல் இருக்க, காலர் வெட்டிய மீதியில் குட்டிச் சாக்ஸ் தைத்து மாட்டிவிட்டுத்தான் வருவார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்பு அம்பு. செக்கிங் செக்ஷனில், பிசகு இருக்கும் இடத்தைக் காட்ட அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்த பிறகுதான் அதை உரிப்பார்கள். அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று அக்காவின் பையில் எப்போதும் இருக்கும். தரை போட்டு முடித்ததும் மண்டியிட்டு முழுத் தரையையும் உள்ளங்கையால் தடவி, தன் வேலையில் தானே குறை கண்டுபிடித்து அம்பு ஒட்டுவார். அப்புறம் வீட்டுக்காரரை அழைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். நமது குறையை நாமே விளக்குப் பிடித்துக் காட்டுவதா என்று ஆரம்பத்தில் நான் குதித்திருக்கிறேன். யாபாரம் உங்களுது, தரை என்னுது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

வெள்ளகோவில் பக்கம் சென்னியப்பன் என்பவர் புது வீடு கட்டினார். கிரானைட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர் அவர் மனைவி சாந்தாமணி. அதனாலேயே கால் வழுக்காத, குளிராத தரை வேண்டும் என்று எங்களைத் தேடி வந்தார்கள். வீடு முழுவதும் மூங்கில். எங்களுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. அக்கா வழக்கம் போல் பாலிதீன் தாளைச் சிமெண்ட் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பார்த்தார். தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சிமெண்ட் காயவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு, இன்னும் பதினைந்து நாளாவது போகட்டும் என்றார். ஆனால் அந்தப் பதினைந்து நாளுக்குள் பால் காய்ச்ச முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

அக்கா கோவில் நோம்பித் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு எடுத்தார். நான் தனியாகப் போய் அந்த அம்பை உரித்தேன். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் மட்டும் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று அவருக்குப் போன் செய்தேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். ஆனால் அது அவசரம் மட்டும் இல்லை, பொய். என்னை நம்பி அவர் வந்து போட்டுக் கொடுத்தார்.

விசேஷம் நன்றாக நடந்தது. பசுவும் கன்றும் கூடத்துக்குள் வந்தன. பசு நின்ற இடத்திலேயே கோமியம் விட, நல்ல சகுனம் என்று எல்லாரும் பூரித்தார்கள். விருந்து முடிந்ததும் சாந்தாமணியின் சொந்தக்காரப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பலகைகள் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றன.

நாங்கள் இருவரும் போனோம். கூடத்தில் சென்னியப்பன், தரையைக் கழுவவிட்டதற்காக மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா ஊன்றுகோலைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். எனக்குச் சொல்ல வசதியாகப் போயிற்று. மாட்டை உள்ளே ஓட்டி வந்து, ஆற்றையே திருப்பிவிட்ட மாதிரி கழுவினால் மூங்கில் என்ன செய்யும் என்று நானும் சேர்ந்து கேட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நின்று நடத்தியவள் நான்தான்.

அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் இருந்த படுக்கையறைக்குப் போய் மண்டியிட்டு உள்ளங்கையை ஓட்டினார். ஓரத்துப் பலகை ஒன்றை நெம்பி எடுத்து வந்து திருப்பிக் காட்டினார். மேலே காய்ந்திருந்தது. அடிப்பக்கம் கறுத்து நனைந்திருந்தது.

"மாடு போகாத ரூம்லயும் தூக்கியிருக்குதுங்க. அங்க யாரும் கழுவவும் இல்லீங்க. தண்ணி கீழ இருந்து வந்திருக்குது. தப்பு எங்களுதுங்க. அந்தம்மாவத் திட்டாதீங்க" என்றார்.

சென்னியப்பன் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாந்தாமணி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காங்கேயம் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்த அம்ப உரிச்சது நீங்கதானுங்களா அம்மிணி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுகை வந்தது. அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "இனிமேல் நான் ஒட்டினத நாந்தான் உரிப்பனுங்க" என்றார். எல்லாப் பலகையையும் எடுத்து, சிமெண்ட்டை நன்றாகக் காயவிட்டு, புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். இன்றைக்கும் சாந்தாமணி ஊன்றுகோல் இல்லாமல் அந்தத் தரையில் நடக்கிறார். அவர் சொல்லித்தான் அந்தத் தெருவில் இன்னும் நாலு வீடுகள் எங்களுக்குக் கிடைத்தன. உண்மையைச் சொன்னால் கடை படுத்துவிடும் என்று பயந்தவள் நான். கடை நிமிர்ந்ததே அந்த ஒரு வார்த்தையால்தான். அப்படிப்பட்டவர் என் கடையில் வேலை செய்தார் என்று நான் சொல்வதில்லை. அவரோடு நான் வேலை செய்தேன் என்றுதான் பெருமையாகச் சொல்கிறேன்.

அக்காவின் வீடு இரண்டே அறை. வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய பலகைகளைக் கேட்டு வாங்கி, தேன் நிறமும் காப்பி நிறமுமாகக் கலந்து தன் வீட்டுக்கும் தரை போட்டிருந்தார். அன்று சாயங்காலம் ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், வழக்கப்படி வீடு கழுவப் பெண்கள் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அவருடைய பெரியம்மா முறையில் ஒரு வயதானவர் வாளியைத் தூக்கிவிட்டார். நான் ஓடிப்போய் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"ஊடு கழுவாம எப்படிச் சாமி?" என்றார் அவர். கோபமாக இல்லை, பதறிப்போய்க் கேட்டார். சாவு வீட்டில் முறையைத் தடுக்க நான் யார்? கவிதாதான் அழுது வீங்கிய முகத்தோடு முன்னால் வந்தாள். "அம்மா இருந்தா உட்டிருக்க மாட்டாங்க அம்மாயி" என்றாள். அந்த அம்மாள் குனிந்து தரையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். வாசலைத் தாங்கள் கழுவிக்கொள்வதாகவும், உள்ளே எங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளும்படியும் சொல்லிவிட்டு, தண்ணீரில் ஒரு கை மஞ்சளைக் கரைத்துக் கொடுத்தார்.

நானும் கவிதாவும் பனியன் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்தோம். ஒரு சொட்டு விழாத வரை பிழிந்தோம். மண்டியிட்டு இரண்டு அறையையும் துடைத்தோம். கட்டிலுக்கு அடியில், சுவரோரம், என் கை எதிலோ தட்டியது. சிவப்பு அம்பு. நிறம் வெளுத்திருந்தது. அது காட்டிய இடத்தில் ஒரு துண்டுப் பலகை நகக்கண் அளவு குட்டையாக இருந்தது. அது வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது என்றும், நேரம் கிடைக்கும்போது மாற்றுகிறேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார் என்றும் கவிதா சொன்னாள். கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

உரிக்கலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு எழுந்தேன்.

அக்காவின் பையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைக் கவிதா என் கையில் கொடுத்தாள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். காரியமெல்லாம் முடிந்து, அளவு பாதியில் நின்ற அந்த அனுப்பர்பாளையத்து வீட்டுக்குத் திரும்பிப் போய் நானே மண்டியிட்டுத் தரை போட்டேன். முடித்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தபோது, பூஜை அறை வாசலில் ஒரு பலகை பிசகியிருந்தது. சுருளிலிருந்து ஓர் அம்பை எடுத்து அங்கே ஒட்டிவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.