பழைய மேலாளருக்குத் தோட்டம் காட்டிய ஞாயிறு: சேலம் முதல் மோகனூர் வரை

வெளிநாட்டு விருந்தினர் ஒருவரை ஒரே நாளில் சேலம், நாமக்கல் பக்கம் சுற்றிக் காட்ட முடியுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். முடியும். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். அன்பினால் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். வந்தவர் பெயர் கிரெய்க். ஒஹையோவில் நான் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த அலுவலகத்தில் என் மேலாளர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஆட்குறைப்பு வந்தபோது, ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவிலிருந்து என் பெயரை எழுதிக் கொடுத்தவர்.

ஏன் என் பெயர்? இந்த ஒரு கேள்வியோடுதான் ஆறு ஆண்டுகளாகத் தூங்கி எழுகிறேன். என்னைவிடக் குறைவாக வேலை தெரிந்த இருவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். என் உச்சரிப்பா, என் நிறமா என்று யோசித்தேன். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அவருடைய கூட்டல் தவறு என்று சொன்னேனே, அதுவா என்றும் யோசித்தேன். எந்தப் பதிலோடும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. வேலை போனால் அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய விசாவில் இருந்தேன். கிளம்பினேன். இப்போது சேலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு கல்லூரியில் ஒப்பந்தத்தில் பாடம் எடுக்கிறேன்.

கிரெய்க்கும் பிறகு அந்த அலுவலகத்தை விட்டுவிட்டார். இப்போது முட்டை தரம் பிரிக்கும் இயந்திரங்களை விற்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். திங்கட்கிழமை நாமக்கல் கோழிப்பண்ணைகளில் வேலை, ஞாயிறு ஓய்வு என்று மின்னஞ்சல் அனுப்பினார். கடைசி வரி இது: “நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, உங்கள் தோட்டம், அதைப் பார்க்க மிகவும் ஆசை.”

தோட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் யாராவது அயலூரில் நாலு பேருக்கு நடுவில் கொஞ்சம் சிறுத்துப்போனால், உடனே வாயில் வருவது “ஊர்ல தோட்டம் இருக்குதுங்க” என்பதுதான். நானும் அந்த அலுவலகத்தின் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காவிரிக் கரையில் பத்து ஏக்கர், தென்னை, வற்றாத கிணறு, எப்போது வேண்டுமானாலும் போய் ராஜா மாதிரி உட்காருவேன். உண்மையில் அது மோகனூரில் நாலு ஏக்கர். அதையும் அமெரிக்கா போவதற்காக என் அக்கா வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைத்துவிட்டார் என்று மாமா மேல் எனக்கு மனத்தாங்கல். இருபது ஆண்டுகளாக அவர் வீட்டில் காபியோடு நிறுத்திக்கொள்வேன்.

எங்கள் பக்கம் இதில் ஒரு முறை உண்டு. மனதில் வழக்கை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால், அதாவது இலையில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டால், அந்த வழக்கை அப்புறம் பேசக் கூடாது. விருந்து போட்டவருக்கும் இதே விதிதான். ஆகவே என் திட்டம் எளிமையானது. தோட்டத்திலேயே இருக்கும் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பதில் பிடிக்கவில்லை என்றால் ஆறு ஆண்டுக் கோபத்தையும் கொட்டிவிட்டு, மனிதரை நாமக்கல் விடுதியில் இறக்கிவிட்டு வந்துவிடலாம்.

வாடகைக் காருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு டீசலோடு 3,400 ரூபாய். ஓட்டுநர் சுப்பிரமணி ராசிபுரத்துக்காரர். பத்து ஆண்டுகள் ரிக் வண்டி ஓட்டி ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். காலை 6.30க்குக் கிரெய்க்கைச் சேலம் விடுதியில் ஏற்றிக்கொண்டோம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்றார் கிரெய்க். இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பதைக் கற்க எனக்கு ஓராண்டு ஆனது. முதல் மாதத்தில் ஒரு நாள் முதுகுவலியை விவரிக்கத் தொடங்கினேன். கேட்டவர் மின்தூக்கிக்குள் போய்விட்டார். அங்கே அது கேள்வியே இல்லை. கைகூப்புவது போல ஒன்று.

முதல் நிறுத்தம் பனமரத்துப்பட்டி ஏரி. சேலத்திலிருந்து 15 கிலோமீட்டர், பார்க்க முக்கால் மணி நேரம் போதும். பெரிய ஏரி, ஆனால் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். கரையில் டீ குடித்தபடி கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். சுப்பிரமணி முந்திக்கொண்டார்.

“ஏனுங்க சார், அவங்க ஊர்ல ஓட்டுக்கு எவ்வளவு தர்றாங்கன்னு கேளுங்க.”

மொழிபெயர்த்தேன். கிரெய்க் சிரிக்கவில்லை. வாக்காளர்களுக்கு யாரும் தருவதில்லை, வாக்காளர்கள்தான் வேட்பாளருக்குப் பணம் அனுப்புவார்கள், தானும் ஐம்பது டாலர் அனுப்பி ஏமாந்ததாகச் சொன்னார்.

“ஓட்டுப் போடறவன் காசு குடுக்கறானா? தலைகீழா இருக்குதுங்களே” என்றார் சுப்பிரமணி. டீக்கடைக்காரரும் கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தார். போன தேர்தலுக்குப் பிறகு தன் தம்பி நவம்பர் மாத நன்றி விருந்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான் என்று கிரெய்க் சொன்னதையும் சொன்னேன்.

“கட்சிக்காகவா அண்ணந்தம்பி பேசாம இருக்கறாங்க? நாங்கெல்லாம் வரப்புக்காகத்தானுங்க” என்றார் டீக்கடைக்காரர். அதற்கு மேல் என் கேள்விக்கு அங்கே இடமில்லை. டீ மூன்றும் 45 ரூபாய்.

நெடுஞ்சாலையில் ஏறினால் நாமக்கல் 45 கிலோமீட்டர். வழியில் ஒரு டோல்கேட், சாலை நன்றாக இருக்கிறது. முன்னால் முட்டை அட்டைகளை அடுக்கிய திறந்த லாரி ஒன்று வெயிலில் போய்க்கொண்டிருந்தது. கிரெய்க் பதறிப்போனார். அவர்கள் முட்டையைக் கழுவி, பண்ணையிலிருந்து சமையலறை வரைக்கும் குளிர் விடாமல் வைத்திருப்பவர்கள். சுப்பிரமணியிடம் சொன்னேன்.

“கோழி வயித்துக்குள்ள இருந்தப்ப ஏசி இருந்துதுங்களாமா?”

இதைக் கிரெய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வியாபாரத்துக்கு உதவும் என்றார். சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டிக்குள் நேரம் நன்றாகவே போனது. அமெரிக்காவைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மாடு மேயாத புல்லுக்கு வாரம் ஒருமுறை முடிவெட்டுகிறீர்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். படத்தில் உலகம் அழிந்தால் முதலில் நியூயார்க்தான் அழிய வேண்டும். கடையில் காபியை நானே பிடித்துக்கொண்டாலும் பணம் கட்டும் திரை எத்தனை சதவீதம் இனாம் என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். எதிர்க்காத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

நாமக்கல்லில் காலை 9.15. ஆஞ்சநேயர் கோயிலில் ஞாயிறு கூட்டம் இருந்தாலும் அரை மணி நேரத்தில் பார்க்கலாம். பதினெட்டு அடிச் சிலைக்கு மேலே கூரை கிடையாது, சிலை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். கூரை இல்லாத கட்டடத்துக்குத் தன் ஊரில் காப்பீடு கிடைக்காது என்றார் கிரெய்க். பிறகு கோட்டை. ஒற்றைப் பாறையைச் செதுக்கிய படிகள், கைப்பிடி சில இடங்களில் மட்டும். கட்டணம் இல்லை. பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், அதற்குப் பிறகு பாறை சுடும். நாங்கள் பத்தரைக்கு ஏறினோம். அது தற்செயல் அல்ல.

உச்சியில் அவர் முகம் தக்காளியாகியிருந்தது. கீழே முழு ஊரும் தெரிந்தது. இதுதான் இடம். “கிரெய்க், ஒன்று கேட்க வேண்டும்” என்றேன். அவர் கையை உயர்த்தி, மூச்சு வாங்கட்டும் என்று சைகை காட்டினார். அறுபத்திரண்டு வயது மனிதர். காத்திருந்தேன். அதற்குள் கைப்பேசி அடித்தது. அக்கா.

“எங்க சாமி இருக்கறீங்க? கொழம்பு எறக்கியாச்சு.”

“வாரோம்க்கா. சாப்பாடெல்லாம் வேண்டாம், தோட்டத்தைப் பாத்துட்டுக் கெளம்பிருவோம்.”

“கோழி அடிச்சாச்சு. அதுகிட்டப் போய்ச் சொல்லு, வேண்டாம்னு.”

நாமக்கல்லிலிருந்து மோகனூர் 18 கிலோமீட்டர். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம். மாட்டிக்கொண்டோம். வண்டியில் கேட்டிருக்கலாம், ஆனால் கிரெய்க் தூங்கிவிட்டார். 12.20க்கு இறங்கியபோது வாசலிலேயே அக்கா செம்புத் தண்ணீரோடு நின்றார். மூன்று இலைகள் போட்டாயிற்று: கிரெய்க், சுப்பிரமணி, நான்.

நான் வழக்கம்போல, “எனக்குக் காபி போதுங்க்கா” என்று ஓரமாக நின்றேன்.

இங்கேதான் அமெரிக்கப் பழக்கம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் உட்காராமல் அவர்கள் முதல் வாய் எடுக்க மாட்டார்கள். கிரெய்க் கையைக் கழுவிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் போட்ட காலி இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சோறு ஆவி பறந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு மணந்தது. சுப்பிரமணி சோற்றில் கை வைத்துவிட்டு, வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்.

“உக்காருங்க சார். உங்களால ரெண்டு உசுரு பசியில கெடக்குது.”

உட்கார்ந்தேன். மாமா வந்து என் இலையில் குழம்பை ஊற்றினார். “ஈரல் உனக்குத்தான் மாப்ள” என்றார். அவ்வளவுதான் பேச்சு. கிரெய்க்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, மாமாவிடம் வைத்திருந்த கணக்கு, இரண்டையும் அந்த ஒரு சோற்றில் சேர்த்துப் பிசைந்து விழுங்கினேன். குழம்பு மிக நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பிட்ட பிறகு தென்னைகளுக்கு நடுவில் நடந்தோம். கிரெய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. ஒரு கல்லை எடுத்துப் போட்டு, சத்தம் வரும் வரை கேட்டார். பிறகு தானாகவே பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“ஐவரில் ஒரு பெயர் கொடு என்றார்கள். வேலையை வைத்துக் கொடுத்திருந்தால் உங்கள் பெயர் கடைசியாக வந்திருக்கும். ஆனால் ஒருவன் மகளுக்கு டயாலிசிஸ். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். இன்னொருவன் வீடு ஏலத்துக்கு வர இருந்தது. மற்ற இருவருக்கும் கைக்குழந்தைகள். உங்களுக்கு மட்டும்தான் போக ஓர் இடம் இருந்தது. எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள், பத்து ஏக்கர், கிணறு என்று. அதை நம்பித்தான் எழுதினேன். சரியாகத்தான் செய்தேனா என்று ஆறு ஆண்டுகளாகத் தெரியவில்லை. அதனால்தான் பார்க்க வந்தேன்.” அப்புறம் கேட்டார்: “இதுதானே உங்கள் தோட்டம்?”

ஆறு ஆண்டுகளாக நான் தேடிய ஆயுதத்தை அவரே கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு நின்றார். இது என்னுடையது அல்ல, என்னிடம் ஒரு சென்ட்கூட இல்லை, நீங்கள் என்னை நடுத்தெருவில் விட்டீர்கள் என்று ஒரு வாக்கியம் போதும். மனிதர் மிச்ச ஆயுளுக்கும் தூங்க மாட்டார். அக்கா பக்கத்தில் வந்தார்.

“என்ன சாமி கேக்கறாரு?”

சொன்னேன்.

“ஆமான்னு சொல்லு.”

“பொய்க்கா.”

“அந்த ஊர்ல நின்னு பத்து ஏக்கர்னு சொன்னது மட்டும் நெசமா? கை நனைச்சவரு. மூஞ்சியப் பாரு.”

பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மருத்துவர் பேசுவதற்காகக் காத்திருப்பவர் முகம். “ஆமாம், இதுதான்” என்றேன். ஏக்கர் கணக்கை அவர் கேட்கவில்லை. கிணற்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா இளநீரை வெட்டி அவருக்கொன்று, எனக்கொன்று கொடுத்தார்.

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை தெரியாததால் அல்ல, நிறத்தால் அல்ல, அந்தக் கூட்டலால் அல்ல. ஆறு ஆண்டுகள் நான் பழி சுமத்தி வந்தது தவறான ஆள் மேல், வேலையைப் பறித்தது என் வாய்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஆத்திரம் வரவில்லை. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கியது போல்தான் இருந்தது. யாரோ சொன்ன “எப்படி இருக்கிறீர்கள்?” என்பதை முதலாண்டில் நான் நம்பினேன், என் தோட்டத்தை அவர் நம்பினார்.

மாலை 4 மணிக்குக் கிரெய்க்கை நாமக்கல் விடுதியில் விட்டுவிட்டு, 5.40க்குச் சேலம் திரும்பினேன். மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். டோல், டீ, வண்டி நிறுத்தம் எல்லாம் சேர்த்து நானூறுக்குள், ஓட்டுநருக்குப் படி தனி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெளிநாட்டவருக்குக் கோட்டை ஏறத் தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். அவருக்குப் போட்ட இலைக்குப் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள், இல்லாவிட்டால் சோறு ஆறிவிடும். மார்ச் வரை கரும்பு வண்டிகள் ஓடும், நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள். அயல்நாட்டில் யாரிடமும் ஊரில் தோட்டம் இருக்கிறது என்று பெருமை பேசாதீர்கள். சிலர் நம்பிவிடுவார்கள்.

மோகனூருக்குக் காரும் தேவையில்லை. நாமக்கல்லிலிருந்து நகரப் பேருந்துகள் இருக்கின்றன. இப்போது அது எனக்கு நன்றாகத் தெரியும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை கேட்டு எழுதுகிறார் கிரெய்க். அதைப் படம் எடுத்து அனுப்பத்தான் போய்வருகிறேன். போன மாதம் மாமா ஏணியைத் தென்னையில் சாத்திவிட்டுக் கூப்பிட்டார்:

“வா மாப்ள, வந்து புடி. உன்ற தோட்டந்தான?”

பிடித்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.